பரண் கேசட்டில் பழைய தொடர்கள்: வீட்டிலேயே மீட்டுப் பார்க்கும் முறை

எடுத்த எடுப்பில் கேசட்டை டெக்கில் செருகிவிடாதீர்கள். பரணிலிருந்து இறக்கிய கேசட்டின் முதுகில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தொடரின் பெயரைக் கண்டதும், அக்கணமே அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் எழுவது மனித சுபாவந்தான். ஆனால் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் சுருண்டு கிடந்த ஒளிநாடா, ஒருமுறை முழுமையாக ஓடித் தரிசனம் கொடுத்துவிட்டு, மறுமுறை ஓடுகையில் பூச்சு உதிர்ந்து வெறும் பிளாஸ்டிக் பட்டையாக நின்றுவிடக்கூடும். ஆகையால் பார்க்கும் ஓட்டமும் பிரதியெடுக்கும் ஓட்டமும் ஒன்றாகவே அமையும்படி சகல ஆயத்தங்களையும் முன்னதாகச் செய்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம். மற்றவையெல்லாம் அதற்கான உபாயங்களே.

காஞ்சிபுரத்து வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோதிலும், எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நமக்கு அதன் அலைகள் களைத்துப்போய்த்தான் வந்து சேர்ந்தன. மொட்டை மாடியில் உயர்ந்த குழாயொன்றில் ஆன்டெனாவைக் கட்டி, கீழே பூஸ்டர் வைத்து, காற்றடித்த மறுநாள் ஒருவர் மேலேறித் திருப்ப மற்றொருவர் கூடத்திலிருந்து "இப்போ தெரியுது, இப்போ போச்சு" என்று கூவிய காலம் அது. அவ்விதம் பதிவான கேசட்டில் புள்ளிகளும் இரட்டை நிழலும் தென்பட்டால் நாடா கெட்டுவிட்டதென்று மனம் தளர வேண்டாம். அவை பிறவிக் குறைகள். எந்தச் சிகிச்சையாலும் தீரா.

நம் ஊரில் "நாடா" என்றால் முதலில் நினைவுக்கு வருவது தறியில் ஊடையைச் சுமந்து ஓடும் கட்டைதான். ஒளிநாடா வேறு பொருளாயினும், அதைக் கையாளப் பட்டுநூலைக் கையாளும் விரல்களே பொருத்தமானவை. கேசட்டுக்குள் இருப்பது 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பட்டை. மூன்று மணி நேரக் கேசட்டில் அதன் நீளம் 250 மீட்டருக்கு மேல். அதன் மேல் பூசிய இரும்புத்துகள் பூச்சில், நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும் உருளையிலுள்ள ஹெட், விநாடிக்கு ஐம்பது சாய்வரிகளாகப் படத்தை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வரியும் தலைமயிரினும் மெலியது. அதன் மேல் ஒரு விரல்ரேகை பட்டாலும் தூசு விழுந்தாலும் திரையில் கோடாகத் தெரியும். இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

எவற்றை முதலில் மீட்பது?

பெட்டியில் இருபது கேசட் இருந்தால் இருபதையும் ஒரே சிரத்தையோடு மீட்க ஒருவராலும் ஆகாது. ஆகவே முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

கடையில் வட்டாகவோ இணையத்திலோ கிடைப்பவை ஒரு குவியல். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகளாக வந்த ராமானந்த சாகரின் இராமாயணமும், 1988 அக்டோபரில் தொடங்கி 1990 ஜூனில் 94 பகுதிகளோடு முடிந்த பி.ஆர். சோப்ராவின் மகாபாரதமும், ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய மால்குடி டேஸும் இவ்வகை. இராமாயணத்தை 2020 மார்ச் 28 முதல் ஊரடங்கு நாட்களில் தூர்தர்ஷனே மறுபடி ஒளிபரப்பியது. நாகா இயக்கிய மர்மதேசத்தை இணையத்திலேயே காணலாம். இவற்றின் கதையை மட்டும் பார்க்க விரும்புவோர் கேசட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சென்னை நிலையத்தின் தமிழ் நாடகங்களும் வாரத் தொடர்களும் இரண்டாவது குவியல். சிவசங்கரியின் நாவலைத் தழுவி ரகுவரன் நடித்த 'ஒரு மனிதனின் கதை' போன்றவற்றை வாரந்தோறும் காத்திருந்து பார்த்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அக்காலத்து ஸ்டூடியோ நாடகங்கள் பலவற்றை வேண்டியபோது கடையில் கேட்டு வாங்க முடிவதில்லை. இந்தக் குவியலுக்கே முதலிடம் கொடுங்கள்.

மேலே ஒரு பெயர் எழுதி, அதை அடித்து, கீழே மற்றொரு பெயர் எழுதிய கேசட்டுகள் மூன்றாவது. இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

காலமும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் உருளை வியர்க்கும்; வியர்த்த உருளையில் நாடா ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும். தை பிறந்ததும் வரும் இரண்டு மாதங்களே உத்தமம். சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியிலுள்ள பரண் அடுப்பாகக் கொதிக்கும் ஊர் இது. அங்கிருந்து இறக்கிய கேசட்டை ஒரு நாள் முழுவதும் கூடத்தில் நிற்கவைத்து, அறைச்சூட்டுக்கு வரவிட்ட பிறகே தொடுங்கள். பரணில் ஏறும்போது ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு கையில் பெட்டியும் மறுகையில் டார்ச்சுமாகத் தனியே இறங்கியவர்களில் நானும் ஒருவன், ஆகையால் சொல்கிறேன்.

தறி ஓடும் வீடானால் தறியுள்ள அறையில் டெக்கை வைக்காதீர்கள். பாவிலிருந்து எழும் பட்டுத்தூசி கண்ணுக்குப் புலப்படாமல் மிதந்து ஹெட்டில் படிந்துவிடும்.

சேகரிக்க வேண்டியவை

வேலை செய்யும் வி.எச்.எஸ். டெக் ஒன்று முதலில் வேண்டும். உலகில் கடைசியாக அதைத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. ஆகையால் பழையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உறவினர் வீட்டு அலமாரியில் துணி போர்த்தியிருக்கும் டெக், பலமுறை கைமாறிப் பழுது பார்த்த டெக்கைக் காட்டிலும் பெரும்பாலும் மேலானது. அத்துடன் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுள்ள ஏ.வி. வயர், கணினியில் செருகும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி, போதிய இடமுள்ள ஹார்டு டிஸ்க், 99 சதவீத ஐஸோப்ரோப்பைல் ஆல்கஹால், கேமரா லென்ஸ் துடைக்கும் மெல்லிய தோல், சிறு திருப்புளி, முகக்கவசம் ஆகியவற்றையும், போனால் போகட்டும் என்று விடத்தக்க பழைய கேசட் ஒன்றையும் எடுத்துவையுங்கள். இதை நான் பலி கேசட் என்பேன். எந்த டெக்கையும் முதலில் சோதிக்க வேண்டியது இதைக் கொண்டுதான்.

நாடாவைப் பரிசோதித்தல்

1. கேசட்டின் சிறு ஜன்னல் வழியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுருள் கறுத்து வழுவழுப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் இருந்தால் அது பூஞ்சை.

2. பூஞ்சை கண்ட கேசட்டைத் தனிப் பையிலிட்டு ஒதுக்குங்கள். அதை டெக்கில் போட்டால் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் வரலாகாது. சுத்தம் செய்வதாயின் முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் செய்யுங்கள். நாடா அருமையானதெனில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

3. அடிப்புறத்திலுள்ள ஐந்து திருகாணிகளும் இறுகியிருக்கின்றனவா, ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடு உடைந்திருந்தால் பலி கேசட்டின் ஓட்டுக்குள் இந்தச் சுருள்களை மாற்றிப் பொருத்தலாம். திறந்தவுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகள் எந்த மூலையிலிருந்து துள்ளின என்பது பிறகு ஒருபோதும் நினைவுக்கு வராது.

4. முதுகின் இடது மூலையிலுள்ள சிறு பிளாஸ்டிக் பல்லைப் பேனாக்கத்தியால் உடைத்து விடுங்கள். அப்பல் இல்லாத கேசட்டின் மேல் டெக் புதிதாக எதையும் பதியாது. முன்பே உடைத்து செல்லோடேப் ஒட்டியிருந்தால் டேப்பை உரியுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்ட துர்ப்பாக்கியம் எத்தனையோ வீடுகளில் நேர்ந்ததுண்டு.

5. பரிசோதித்துச் சுத்தம் செய்த டெக்கில் போட்டு, பார்க்காமலே ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, பின் முழுவதும் திரும்பச் சுற்றுங்கள். பட்டுப் புடவையை ஆண்டுக்கிரு முறை எடுத்து மடிப்பு மாற்றி மடிக்கிறோமல்லவா, அதே காரியந்தான் இது. ஒரே இடத்தில் இறுகிக்கிடந்த நாடா இதனால் தளர்ந்து சீராகும். நடுவில் கிறீச்சென்ற ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதைப் பிணைத்த பிறகே அடுத்த ஊடையை விடுவார். நாடா அறுந்தாலும் அப்படியே. ஆனால் சாதாரண செல்லோடேப்பை ஒருபோதும் உபயோகிக்காதீர்கள். அதன் பசை வெயிலில் இளகி ஹெட்டில் அப்பிக்கொள்ளும். இதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை நாடாவில் ஹெட் தொடாத பின்புறத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

குறிப்பு: புடவைப் பெட்டியில் போடும் பழக்கத்தில் கேசட் பெட்டியிலும் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

டெக்கைத் துடைத்தல்

மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கி, அரை மணி நேரம் கழித்து மேல் மூடியைத் திறங்கள். பவர் சப்ளை இருக்கும் பகுதியில் விரலும் திருப்புளியும் போகக்கூடாது. இணைப்பை எடுத்த பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் பின்மூடியையோ எக்காரணத்தாலும் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு, அணைத்த பின்னும் அது உடனே இறங்காது.

வெள்ளி நிறத்தில் பளபளக்கும் சாய்ந்த உருளைதான் ஹெட் பகுதி. தோலை ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் வைத்து, மறுகையால் உருளையின் மேல்விளிம்பை மெதுவாகச் சுழற்றுங்கள். தோலை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் இழை அதில் மாட்டிப் பிடுங்கிவிடும். அக்காலத்தில் மொடமொடப்பான புது ரூபாய் நோட்டால் ஹெட்டைத் துடைத்த மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களது கைத்திறனை வியக்கலாமேயன்றிப் பின்பற்ற வேண்டாம். ஆல்கஹால் புட்டியைச் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வைக்கக்கூடாது. துடைத்த பின் கால்மணி உலரவிட்டு, பலி கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள்.

பார்த்துக்கொண்டே பிரதியெடுத்தல்

1. டெக்கின் வெளியீட்டிலிருந்து மஞ்சள் வயரைப் படத்துக்கும், வெள்ளையையும் சிவப்பையும் ஒலிக்கும் கேப்சர் கருவியில் இணையுங்கள். ஒற்றை ஒலி டெக்கானால் வெள்ளை மட்டும் போதும்.

2. கணினியின் மென்பொருளில் பால் (PAL) முறை, 720×576, விநாடிக்கு 25 சட்டங்கள் என்று அமையுங்கள். நம் நாட்டுப் பதிவுகள் 625 வரிகள் கொண்ட பால் முறையைச் சேர்ந்தவை. இதை மாற்றி வைப்பதால்தான் பலருக்குப் படம் கறுப்புவெள்ளையாக உருள்கிறது.

3. ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு செய்து, உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வட்டில் எழுதும் தரத்தில், அதாவது விநாடிக்கு 8 மெகாபிட் எம்பெக்-2 ஆகப் பதிந்தால் மணிக்குச் சுமார் 3.6 ஜி.பி. ஆகும். இடவசதி உள்ளவர்கள் இழப்பில்லாத முறையில் பதிவதே நலம். அதற்கு மணிக்கு 30 ஜி.பி. வரை பிடிக்கும்.

4. கணினியில் பதிவைத் தொடங்கிய பின்னரே டெக்கை ஓட்டுங்கள். அடியில் வெள்ளைக் கோடுகள் நடுங்கினால் டிராக்கிங் பொத்தானை மிக மெதுவாகத் திருப்பி, கோடுகள் திரைக்குக் கீழே மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

5. இனி உட்கார்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்தி, திரும்பச் சுற்றி, மனம் கவர்ந்த காட்சியை மறுபடி பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். அதையெல்லாம் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். ஓடும் படத்தை அசையாமல் நிறுத்திவைப்பது நாடாவுக்கு மிகவும் கெடுதல், ஏனெனில் ஹெட் ஒரே இடத்தை அரம் போல் அராவிக்கொண்டேயிருக்கும்.

6. முடிந்ததும் கணினியில் அங்கங்கே தொட்டுப் பார்த்து, இரண்டு டிஸ்குகளில் தனித்தனியே சேமித்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். தொடரின் நகல் என்றேனும் எங்கேனும் வெளிவரலாம். ஆனால் பதிவு செய்த அன்றிரவு தொடருக்கு முன் வந்த செய்திச் சுருக்கமும், சோப்பு விளம்பரமும், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையும் உங்கள் வீட்டுக் கேசட்டில் மட்டுமே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் சோம்பல்பட்டு ஒரு கேசட்டைக் கல்யாண வீடியோ எடுக்கும் கடையொன்றில் கொடுத்தேன். அவர்கள் உபகாரமாக நினைத்து எல்லா விளம்பரங்களையும் நீக்கி, தலைப்பில் ரோஜாப்பூக்கள் பறக்கவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கேசட்டையோ அடுத்த வாடிக்கையாளருக்காக அழித்துவிட்டிருந்தார்கள். கோபித்துப் பயனென்ன? அன்றுமுதல் நானே செய்கிறேன்.

பிரதி உங்கள் வீட்டார் பார்ப்பதற்கே. தயாரித்தவருடைய அனுமதியின்றி இணையத்தில் ஏற்றுவது பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம்.

அமெரிக்காவிலிருந்து வந்தவை

வெளிநாடு சென்ற மைத்துனரோ மகனோ கொண்டுவந்த கேசட்டுகள் சில வீடுகளில் இருக்கும். அவை என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகளில் பதிவானவை; நம் டெக்குகளில் பல அவற்றை ஏற்பதில்லை. பல முறைகளையும் ஏற்கும் டெக் என்று விற்றவற்றில்தான் ஓடும். அங்கிருந்து டெக்கையே கொண்டுவந்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை: அது 110 வோல்ட் யந்திரம், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அடுத்த நொடியே புகைதான். கடையில் விற்ற சினிமாக் கேசட்டுகளில் நகல் தடுப்பு முறை இருக்கும். பிரதியில் படம் வெளுத்தும் கறுத்தும் துடிப்பது அதனால்தான், டெக்கின் குற்றமன்று.

அமெரிக்க நாடகங்களை வட்டில் வாங்குவோர் அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். டி.வி.டி.யில் அமெரிக்கா 1ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். ப்ளூ-ரேயில் அவர்கள் ஏ, நாம் சி. மண்டலப் பூட்டில்லாத பிளேயர் இருந்தால் இந்தத் தொல்லையில்லை.

எண்பதுகளில் தூர்தர்ஷனும் காட்டிய ஸ்டார் டிரெக், 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக எடுக்கப்பட்டது. இன்றைய வட்டில் அது நேற்று எடுத்தாற்போல் துலங்குவதற்குக் காரணம் 35 மில்லிமீட்டர் ஃபிலிம்தான், அதை இன்றைய கருவியால் மீண்டும் நுணுக்கமாகப் படியெடுக்க முடிகிறது. அதே தேசத்தில், 1959இல் தொடங்கிய தி டுவைலைட் ஸோன் தொடரின் இரண்டாம் பருவத்தில் செலவைக் குறைக்க ஆறு பகுதிகளை மட்டும் வீடியோ நாடாவில் எடுத்தார்கள். மற்றவை தெளிவாயிருக்க, அந்த ஆறும் இன்றளவும் மங்கலாகவே நிற்கின்றன. நாடாவில் பிறந்ததற்கு நாடாவின் தெளிவுக்கு மேல் கிடையாது. ஆகவே உங்கள் பிரதியைக் கணினியில் கூர்மையாக்கி, நிறமேற்றி, முகங்களை மெழுகுப் பொம்மையாக்கும் வீண் பிரயத்தனத்தில் இறங்காதீர்கள். வீட்டில் பிக்சர் டியூப் டி.வி. நல்ல நிலையில் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அந்தப் படங்கள் அதற்கென்றே பிறந்தவை.

கடைசிவரை ஓடவிடுங்கள்

அனந்தசரஸின் நீருக்கடியில் நாற்பது ஆண்டு சயனித்திருந்து 1979இலும் 2019இலும் எழுந்தருளிய அத்தி வரதரை நாம் சேவித்திருக்கிறோம். அத்தி மரத்துக்கு உள்ள ஆயுள் நாடாவுக்கு இல்லை. அடுத்த தையைப் பார்த்துக்கொள்ளலாமென்று தள்ளிப்போடாதீர்கள். பிரதியெடுத்த கேசட்டையும் எறிந்துவிடாமல், புத்தகம் போல் நிமிர்த்தி, ஈரமில்லாத கீழறை அலமாரியில் வையுங்கள். ஒலிபெருக்கியிலுள்ள காந்தம் அருகில் இருக்கலாகாது.

இனி மூன்றாவது குவியல். கேசட் விலை அதிகமாயிருந்த நாட்களில் ஒன்றின் மேலேயே மற்றொன்றைப் பதிந்தோம். புதிய பதிவு எங்கே முடிகிறதோ, அதற்கப்பால் பழையது அழியாமல் இருக்கும். ஆகையால் தொடர் முடிந்து, திரையில் புள்ளிகள் இரைந்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும் நாடா தானாக நிற்கும்வரை கை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் "அண்ணா கல்யாணம்" என்று எழுதி அடித்து, கீழே "டி.வி. நாடகம், அழிக்காதே" என்று எழுதிய கேசட் ஒன்று இருந்தது. நாடகம் இரண்டே கால் மணியில் முடிந்தது. பிறகு சாம்பல் இரைச்சல். தங்கை காபி கொண்டுவர எழுந்து போய்விட்டாள். ஐந்தாறு நிமிடம் கழித்துத் திடீரென்று நாதஸ்வரம் பாதி ஸ்வரத்தில் எழுந்தது. சின்னக் காஞ்சிபுரத்துச் சத்திரத்தில் கடைசிப் பந்தி, பச்சை அரக்கு பார்டர் போட்ட புடவையில் பாட்டி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து, கேமராக்காரரிடம், "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். நாடா அங்கே நின்றுவிட்டது.